‘உட்ஸ்’ போதாது

மகாரியா புவாக்கின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை மக்காச்சோள மாவு. ஒரு பிடி எடுத்து உருட்டி, சோளத்தோகையில் வைத்து, முனையை மடித்துப் பானைக்குள் அடுக்க அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் போதும். வாசலில் நான்கு ஆண்கள் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றார்கள். ஒருவர் கையில் துணியில் சுற்றிய கோல் இருந்தது.

"உக்காருங்க. அடுக்கி முடிச்சுட்டு வரேன். பாதியில விட்டா மாவு காஞ்சிடும்," என்றாள்.

ஊர்த் தலைமைக் கோலைக் கொண்டுவந்தவர்களைக் காக்க வைப்பவர்கள் எங்கள் சுவாபாஹ் ஊரில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். பானை நிறைந்ததும் மூடி போட்டாள். ஒரு குவளைத் தண்ணீரை அளந்து ஊற்றிக் கை கழுவினாள். அந்தத் தண்ணீரைக் கீழே விடாமல் வாளியில் பிடித்துக்கொண்டாள். பிறகுதான், "இப்பச் சொல்லுங்க," என்றாள்.

அவள் மாமியாரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட நான் அங்கே போயிருந்தேன். இந்த ஊர் சுகாதார நிலையத்தில் துணை நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நர்ஸையும் டீச்சரையும் இங்கே ‘செஞ்யோ’ என்று கூப்பிடுவார்கள். வேலை போனாலும் அந்தப் பெயர் போகாது. கட்டுப் போடுகிற வேலையும் போகாது.

"வர்ற வருஷம் உங்க வீட்டு முறை," என்றார் கோல் வைத்திருந்தவர். "ஊர்த் தலைமை. பெலிசியானோ வடக்கே இருக்கார்னு தெரியும். அவர் பணம் அனுப்பினா வேற ஆளை வச்சுக்கலாம். அந்த வழக்கமும் உண்டு."

பெலிசியானோ அவள் கணவன். அமெரிக்காவில் வீடுகளுக்குக் கூரை போடுகிறான்.

"அவர் கூரை போடட்டும். வீட்டுல ஆள் இருக்கையில கூலிக்கு எதுக்கு ஆள்?" என்றாள் மகாரியா.

படுக்கையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். "இவளா? இவ நாலு பேர் முன்னாடி வாயைத் தொறந்து நான் பார்த்ததே கல்யாணத்தன்னைக்குத்தான்."

"அன்னைக்கும் நீங்கதான் பேசுனீங்க, அத்தே."

நான்கு ஆண்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். நான் கட்டின் கடைசி முடிச்சைப் போட்டேன். அப்படித்தான் அந்த வருஷம் கோல் அவள் வீட்டு மூலைக்கு வந்தது.

அவளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மலையில் விறகு வெட்டியவரின் மகள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பதினேழில் கல்யாணம், நான்கு பிரசவம். அதில் மூன்றை நான் பார்த்தேன். ஒன்று நான் போய்ச் சேருவதற்குள் ஆகிவிட்டது. பஸ் நிற்கும் முச்சந்தியில் காலையில் தமால் என்னும் அந்தச் சோளத்தோகைக் கொழுக்கட்டையும் சோளக்கஞ்சியும் விற்பாள். வலது முழங்கால் தேய்ந்திருந்தது. மேட்டில் ஏறாதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவள் வீடே மேட்டில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும், ஆனாலும் நான் சொல்வேன், அவள் தலையாட்டுவாள்.

எங்கள் ஊர்க் கோலுக்கு ஒரு விதி உண்டு. அதைக் கையில் பிடித்திருக்கும்போது ‘நான்’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. ‘நாங்கள்’ என்றுதான் பேச வேண்டும். ஏனென்றால் அப்போது பேசுவது ஆளல்ல, ஊர். கோல் ஓரிடத்துக்குப் போனால் ஊரே அங்கே போனதாகக் கணக்கு. முதல் வாரம் மகாரியா தடுமாறினாள். யாரோ வழியில் நலம் விசாரித்தபோது கோலோடு நின்று, "எங்களுக்கு முட்டி வலிக்குது," என்று சொல்லிவிட்டாள். ஊரே சிரித்தது. இரண்டு மாதம் வரை, என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "செஞ்யோ, எங்க ஊருக்கு முட்டி வலியாமே, மாத்திரை இருக்கா?" என்று கேட்டார்கள்.

ஆனால் அந்த வருஷத்துப் பிரச்சினை முட்டி இல்லை, தண்ணீர்.

மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் விழும். அங்கிருந்து ஒரு குழாய் மேல் தெருவுக்கு, ஒரு குழாய் கீழ்த் தெருவுக்கு. கீழே வீடுகள் பெருகின. தாத் லெயோன்சியோ அங்கே நூல் சாயப் பட்டறை வைத்தார். பெரியவர்களை நாங்கள் தாத் என்போம். அவரைத் தாத் என்று கூப்பிட வயதும் காரணம், பட்டறையும் காரணம். கீழ் வால்வு திறந்திருந்தால் தண்ணீர் எல்லாம் பள்ளம் நோக்கி ஓடிவிடும், மேல் தெருக் குழாயில் காற்றுதான் வரும். மழைக்காலத்தில் இது யாருக்கும் தெரியாது. வெயில் காலத்தில் மேல் தெருப் பெண்கள் ஓடையில் குடம் முக்குவார்கள். அந்த ஓடையில் மாடும் இறங்கும். அடுத்த வாரம் குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு என் வாசலுக்கு வரும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக் கொடுத்து என் கைக்கே அந்தக் கணக்கு மனப்பாடம்.

நான் இருப்பது கீழ்த் தெருவில். என் வீட்டுக் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும். இதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதம் சாலையோரப் பாறைகள் நிறம் மாறின. தேர்தல் வந்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் காலண்டர். அந்தத் தடவை பாறைகளில் மஞ்சள் பூசிச் சாவிப் படம் வரைந்திருந்தார்கள். சாவிக் கட்சி புதிது. மேயர் வேட்பாளர் டோன் எவெரார்தோ புதிதல்ல. பஸ்களும் சிமென்டுக் கிடங்கும் வைத்திருந்தவர்; டவுனில் மரியாதைக்கு ஆணை டோன் என்பார்கள், பெண்ணை டோன்யா என்பார்கள். முன்பு காற்றாடிக் கட்சியில் நின்றார், அதற்கு முன்பு வேறொன்றில். இங்கே கட்சி என்பது மழைக்குப் பிடிக்கும் குடை மாதிரி. மழை விட்டதும் யாரும் அதைத் தேடுவதில்லை.

அவர் ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, மேல் ஊற்று ஒன்று சும்மா கிடக்கிறது, அங்கிருந்து மேல் தெருவுக்குத் தனிக் குழாய் போடலாம், குழாய் என் செலவு, நம்முடைய நட்பு ஏப்ரலில் டவுனில் நடக்கும் என் கட்சிக் கூட்டத்தில் தெரிய வேண்டும் என்று பேசினார். ஸ்பானிய மொழியில் பேசியதை அவரிடம் பஸ் ஓட்டும் எங்கள் ஊர்ப் பாசிலியோ எங்கள் மொழியில் சொன்னான்.

கூட்டம் ஒரே குரலில், "உட்ஸ்," என்றது.

உட்ஸ் என்றால் நல்லது. காது கொடுத்தோம் என்பதற்கும் அதுதான், ஒப்புக்கொண்டோம் என்பதற்கும் அதுதான், கிளம்புங்கள் நேரமாகிறது என்பதற்கும் அதுதான். விருந்தாளி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லை. வீட்டுக்குப் போய்த்தான் இல்லை என்போம், அதுவும் அடுப்பிடம்.

டோன் எவெரார்தோ அந்த ஒரு சொல்லைக் கற்று வைத்திருந்தார். நெஞ்சில் கை வைத்து, "உட்ஸ், உட்ஸ்!" என்று அவரும் சொன்னார். அடுத்த வாரம் ஒரு லாரி நிறைய பிளாஸ்டிக் குழாய்கள் வந்து பள்ளி முற்றத்தில் இறங்கின.

குழாய்களைப் பார்த்து மேல் தெருப் பெண்கள் அழுதார்கள் என்று எழுதினால் அழகாக இருக்கும். யாரும் அழவில்லை. பெட்ரோனா என்ற பெண் ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்து, "இதுக்குள்ள தண்ணியும் அவரே போட்டுத் தருவாரா?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

பாசிலியோ மகாரியாவைத் தேடி முச்சந்திக்கு வந்தான். நான் அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை டவுன்ல கூட்டம். மேடையில உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு. கோலோட வந்துடுங்க."

"கோலோடயா?"

"கோல் இல்லாம நீங்க வந்தா அது தமால் விக்க வந்த மாதிரி இல்ல இருக்கும்?"

"தமால் வித்தா குறைச்சலா? நீ தர வேண்டிய நேத்தைய பாக்கி ஒண்ணு இருக்கு."

"விளையாடாதீங்கக்கா. ஊரே உட்ஸ் சொல்லியாச்சு. குழாய் இறங்கியாச்சு. டோன் எவெரார்தோ ஊர் ஊரா கோலைக் கூப்பிட்டிருக்கார். எல்லாக் கோலும் வரிசையா மேடையில நிக்கும். சும்மா அரை மணி நேரம். போட்டோ எடுத்தா முடிஞ்சுது."

"வரலைன்னா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "வரலைன்னா குழாய் திரும்பிப் போகும். நான்தான் அந்த லாரியை ஓட்டணும். எனக்கும் அவர்தானே சம்பளம் தர்றார்? யோசிச்சுக்குங்க."

அவன் போனதும் என் மனதில் இருந்ததைச் சொன்னேன். "போய் நில்லேன், மகாரியா. அரை மணி நேரம். ஒரு குழந்தைக்கு வயிறு சரியாச்சுன்னா போதாதா? கோல் என்ன, கரைஞ்சா போயிடும்?"

அவள் கரண்டியைக் கழுவியபடி சொன்னாள்: "கோல் கரையாது, செஞ்யோ. ஆனா போட்டோவில ஊரு நிக்கும். நாளைக்கு அவரு மலையை வெட்ட வந்தாலும், அன்னைக்கே வந்து நின்னீங்களேன்னு அந்தப் போட்டோவைக் காட்டுவாரு. அப்ப யாரு உட்ஸ் சொன்னாங்கன்னு யாரைத் தேடுறது?"

"அப்ப போகாதே."

"போகலைன்னா பெட்ரோனா புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. கஞ்சியை முடித்துவிட்டு எழுந்தேன். அவளுக்கும் பதில் தெரியவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தங்களிடம் பதில் இருப்பவர்கள் அவ்வளவு அழுத்தித் தேய்த்துக் கரண்டி கழுவுவதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் அவள் ஊரைக் கூட்டினாள். கோலை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நின்றாள். பெண்கள் ஒருபுறம், ஆண்கள் ஒருபுறம், நடுவில் அந்தக் குழாய் அடுக்கு.

"நாளைக்குக் கோலை மேடைக்குக் கூப்பிடுறாங்க. போனா குழாய் நமக்கு. போகலைன்னா இல்லை. பேசுங்க," என்றாள். வேறு முன்னுரை இல்லை.

தாத் லெயோன்சியோ முதலில் எழுந்தார். சாயம் ஏறி நீலமான விரல்களை ஆட்டிப் பேசினார். "நம்ம அப்பன் பாட்டன் காலத்துல கோல் எந்தக் கட்சி வாசலையும் மிதிச்சதில்ல. பசிச்சப்பவும் மிதிச்சதில்ல. இப்ப நாலு குழாய்க்காக மிதிக்கணுமா? கோல் போகாது!"

"உட்ஸ்," என்றது கூட்டம். பின்வரிசையில் யாரோ கைதட்டவும் செய்தார்கள்.

மேல் தெருக்காரர்கள் மட்டும் உட்ஸ் சொல்லவில்லை. பெட்ரோனா தன் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டு எழுந்தாள். "தாத், உங்க பேச்சு நல்லா இருக்கு. தண்ணி குடிச்சுட்டுப் பேசுறவங்க பேச்சு எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

ஆண்கள் பக்கம் சலசலப்பு. பாசிலியோ அதில் நெருப்பு வைத்தான். "அதான் நானும் சொல்றேன். மானம் கீழ்த் தெருவுக்கு, ஓடைத் தண்ணி மேல் தெருவுக்கா? கோலை அனுப்புங்க, எல்லாரும் நல்லா இருப்போம்."

"உட்ஸ்," என்றார்கள் மேல் தெருக்காரர்கள். பழக்கதோஷத்தில் கீழ்த் தெருவிலிருந்தும் சிலர் உட்ஸ் என்றார்கள்.

மகாரியா கோலைத் தரையில் ஒருமுறை தட்டினாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"போகாதுன்னதுக்கும் உட்ஸ். போகட்டும்னதுக்கும் உட்ஸ். அன்னைக்கு அந்த மனுஷன்கிட்டயும் இந்த உட்ஸைத்தான் கொடுத்தோம். அவர் அதை நம்பி லாரி அனுப்பிட்டார். அவர்மேல தப்பில்ல. இன்னைக்கு எங்களுக்கு உட்ஸ் வேண்டாம்."

பிறகு தாத் லெயோன்சியோ பக்கம் திரும்பினாள். "தாத், கோல் போகாதுன்னீங்க. சரி, போகாது. அப்ப உங்க தண்ணி போகுமா, மேல் தெருவுக்கு?"

லெயோன்சியோ நெற்றியைத் துடைத்தார். நீலம் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

"பட்டறை நின்னா பத்துக் குடும்பம் நிக்கும், மகாரியா."

"பட்டறையை நிறுத்தச் சொல்லல. வாரத்துல கீழ் வால்வை எந்த நாள் மூடலாம்? நாளைச் சொல்லுங்க. பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. ‘யாராவது’ன்னு சொல்றவங்க உக்காந்துக்கலாம்."

"இது என்ன, போலீஸ் விசாரணையா?" என்றார் ஒருவர்.

"போலீஸ்னா நீங்க பதில் சொல்லியிருப்பீங்க," என்றாள் பெட்ரோனா. பெண்கள் பக்கம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் இறுக்கம் விட்டது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது அழகான காட்சி இல்லை. வெயில் சாயும்வரை சண்டை. ஒருவர் தன் அப்பா ஊற்று வெட்டிய கதையை எடுத்தார். இன்னொருவர் மேல் தெருக்காரர்கள் ஊர் வேலைக்குச் சரியாக வருவதில்லை என்றார். வந்த நாட்களை ஒரு கிழவி ஒவ்வொன்றாகச் சொல்லிக்காட்டி அவர் வாயை அடைத்தாள். என் முறை வந்தபோது, எல்லாரையும் போல் நானும், "பார்த்துப் பண்ணலாம்," என்றேன். "செஞ்யோ, பார்க்கறது எந்தக் கிழமை?" என்று மகாரியா கேட்டாள். திங்கள் என்று சொன்னேன். துணி துவைக்கிற நாள் அது. வேறு எதுவும் வாயில் வரவில்லை.

கடைசியில் லெயோன்சியோ எழுந்தார். "திங்களும் வியாழனும் சாயம் அலச மாட்டேன். லெயோன்சியோ சொல்றேன். போதுமா? மூணாவது நாள் கேட்டா பட்டறையையே மேல் தெருவுக்குத் தூக்கிட்டு வந்துடுவேன்."

"வாங்களேன், பெண்ணு பார்த்து வைக்கிறோம்," என்று எவளோ சொன்னாள். அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

திங்களும் வியாழனும் கீழ் வால்வு மூடுவது என்று முடிவானது. மேல் தெருவுக்கு அது வேண்டியதில் பாதிகூட இல்லை. புது ஊற்று, தனிக் குழாய் என்றால் நிறையக் கிடைத்திருக்கும். பெட்ரோனா அதைச் சொல்லாமல் விடவில்லை. "பாதி வயித்துக்குத்தான் கொடுத்திருக்கீங்க. ஞாபகம் வச்சுக்குங்க," என்றாள். அதற்கு யாரும் உட்ஸ் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகாரியா டவுனுக்குப் போனாள், கோல் இல்லாமல். போக வேண்டிய அவசியமே இல்லை, பாசிலியோவிடம் சொல்லி அனுப்பலாம் என்றார்கள். "சொன்னது நம்ம வாய். மாத்திச் சொல்றதும் நம்ம வாயா இருக்கணும்," என்றாள். டவுன் மேடு ஏற அவள் முட்டி ஒத்துழைக்காது என்று நானும் கூடப் போனேன்.

மேடையில் மஞ்சள் துணி, பாட்டு, ஐந்தாறு ஊர்க் கோல்கள் வரிசையாக. ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டோன் எவெரார்தோ படியிறங்கி வந்து அவள் கைகளைப் பற்றினார்.

"டோன்யா மகாரியா! கோல் எங்கே?"

"வீட்டுல இருக்கு. நான் மட்டும்தான் வந்திருக்கேன்." முச்சந்தியில் விற்றுப் பழகிய ஸ்பானிய மொழியில் பேசினாலும், அந்த ‘நான்’ என்பதை அவள் நிறுத்திச் சொன்னாள். அவருக்கு அதன் வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை.

"அன்னைக்கு எல்லாரும் உட்ஸ் சொன்னீங்களே!"

"சொன்னோம். நீங்க பேசினதைக் கேட்டுக்கிட்டோம்னு அர்த்தம். வரோம்னு அர்த்தமில்ல. அதை அன்னைக்கே தெளிவாச் சொல்லாதது எங்க தப்பு. மன்னிக்கணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. நான் எதிர்பார்த்ததைவிட மரியாதையாகவே, "அந்தக் குழாய் வேற ஊருக்குத் தேவைப்படுது, டோன்யா. நாளைக்கு லாரி வரும்," என்றார்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. பசங்க மேல ஏறி விளையாடுறாங்க, உடைஞ்சிடும். ஏத்த ஆள் நாங்க தரோம்."

அவர் பற்றியிருந்த அவள் கைகளை விட்டார். பிறகு மேடையிலிருந்து யாரோ பெயர் சொல்லி அழைக்க, கையை உயர்த்தி அசைத்தபடி ஏறிப் போனார். ஜூனில் அவர் ஜெயித்தார். எங்கள் ஊர் வாக்குகள் எல்லாப் பக்கமும் சிதறின. அதுவும் சரிதான்; ஓட்டு அவரவருடையது. அடுத்த தேர்தலில் சாவிக் கட்சி இல்லை, அவர் இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான்தான் கேட்டேன்: "ஊர்ல யாராவது உன்னைத் திட்டுவாங்களா?"

"பெட்ரோனா திட்டுவா. மழை வர்ற வரைக்கும் திட்டட்டும், நியாயம்தானே."

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. பாசிலியோ இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்; யாரோ திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பான். மகாரியா அவனுக்கு ஒரு குவளைக் கஞ்சியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேர் குழாய்களை ஏற்றிக் கயிறு கட்டினார்கள். மேல் தெருப் பையன்கள் இரண்டு பேர் மட்டும் வர மறுத்து மதில்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

லாரி வளைவில் மறைந்ததும் அவள் தொட்டிக்கு ஏறினாள். நானும் ஏறினேன். தாத் லெயோன்சியோ எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். நேற்றே சாயம் போட்ட நூல் அலசாமல் கிடக்கிறது, ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா என்று கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை, தாத்?"

அவர் வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு விலகி நின்றார். வால்வு துருப்பிடித்து இறுகியிருந்தது. அதை யாரும் மூடியதே இல்லை. மகாரியா இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. லெயோன்சியோ தலையில் அடித்துக்கொண்டு தன் இரும்புக் கம்பியை எடுத்துவந்து சக்கரத்தில் செருகினார். இருவருமாக அழுத்தியபோது அது கிறீச்சிட்டுத் திரும்பியது.

நாங்கள் இறங்கி வந்தபோது மேல் தெருக் குழாயடியில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். முதலில் காற்று வந்தது, பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு செங்கல் நிறத்தில் தண்ணீர். பெட்ரோனா குடத்தை நீட்டினாள்.

"அதைப் பிடிக்காதே, துரு," என்றேன். "தெளியட்டும். அப்புறம் பிடி. காய்ச்சாம புள்ளைக்குக் கொடுக்காதே."

முதல் நான்கு குடத்தைச் செடிக்கு ஊற்றினோம். ஐந்தாவது தெளிவாக வந்தது.